தரைமட்டம் நில்லாத ஊர்

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே, கடலை ஒட்டி பொட்சுவோலி என்று ஓர் ஊர். துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், தெருவைவிடத் தாழ்ந்த ஒரு பள்ளத்தில் மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 12 மீட்டர் உயரம். அடியிலிருந்து இரண்டு ஆள் உயரம்வரை தூண் வழவழவென்று இருக்கிறது. அதற்குமேல் இரண்டரை மீட்டர் அளவுக்குப் பொத்தல் பொத்தலாக அரித்துக் கிடக்கிறது. அதையும் தாண்டிப் பார்த்தால் மறுபடி வழவழப்பு.

பொத்தல் போட்டது ஒரு வகைச் சிப்பி. சுண்ணாம்புக் கல்லையும் பளிங்கையும் குடைந்து உள்ளே குடியிருக்கும். கடல்தண்ணீருக்கு வெளியே அதற்கு வாழ்வில்லை. அப்படியானால் இந்தத் தூண்கள் ஒரு காலத்தில் ஆறு மீட்டர் ஆழத்துக்குக் கடலில் முழுகி நின்றிருக்க வேண்டும். அடிப்பகுதியை மண்ணும் எரிமலைச் சாம்பலும் மூடிவிட்டதால் சிப்பிக்கு அது எட்டவில்லை. தரையில் கட்டிய கட்டடம் கடலுக்குள் போய், மறுபடி கரைக்கு வந்திருக்கிறது. அவ்வளவு ஏறி இறங்கியும் இந்த மூன்று தூண்களும் விழவில்லை.

நான் தூத்துக்குடியில் கட்டட ஒப்பந்த வேலை பார்ப்பவன். எங்கள் தொழிலில் எல்லாம் மட்டத்தில்தான் தொடங்குகிறது. வானம் தோண்டுவதற்கு முன்பே ட்யூபில் தண்ணீரை விட்டு மட்டம் எடுத்து, சுவரில் கோடு போட்டுவிடுவோம். துறைமுகப் பக்கம் வேலை என்றால் எல்லா உயரமும் கடல்மட்டத்திலிருந்துதான் கணக்கு. பூமி அசையாது என்ற ஒரே தைரியத்தில்தான் இத்தனையும் நடக்கிறது. அந்தத் தைரியம் செல்லாத ஊர் ஒன்று இருக்கிறது என்று நேப்பிள்ஸில் படிக்கும் என் அக்கா மகன் சொன்னான். “எல்லாரும் பொம்பெயிக்குப் போவாங்க மாமா. நீங்க இங்க வாங்க, உங்க தொழில் இருக்கு” என்றான்.

சந்தையைப் பார்த்துக் கோயில் என்றார்கள்

1750-இல் போர்போன் அரசர் சார்லஸின் ஆட்கள் இந்தப் பள்ளத்தைத் தோண்டியபோது, எகிப்தியக் கடவுளான செராபிஸின் சிலை ஒன்று கிடைத்தது. உடனே ‘செராபிஸ் கோயில்’ என்று பெயர் விழுந்துவிட்டது. பிறகுதான் இது ரோமானியர்களின் இறைச்சி, மீன் சந்தை என்று தெரியவந்தது. நடுவில் முற்றம், சுற்றிலும் வரிசையாகக் கடைகள். வேலிக்கு வெளியே தெருவில் நின்றே கடைகளின் அறைகளை எண்ணிவிடலாம்.

ஓர் அறிவியலே திசை மாறியதில் இந்தத் தூண்களுக்கும் பங்குண்டு. பிரிட்டனைச் சேர்ந்த நிலவியலாளர் சார்லஸ் லயெல் 1828-இல் இங்கே வந்து பார்த்தார். 1830-இல் அவர் வெளியிட்ட ‘நிலவியலின் கோட்பாடுகள்’ நூலின் முகப்புப் படமே இந்த மூன்று தூண்கள்தான். மலையும் கடலும் ஏதோ ஒரு பிரளயத்தில் ஒரே நாளில் உருவாகிவிடவில்லை. இன்று கண்ணெதிரே நடக்கும் மெதுவான மாற்றங்களே காலப்போக்கில் பூமியை மாற்றுகின்றன என்பது அவர் வாதம். அந்த நூலின் முதல் பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சார்லஸ் டார்வின் ‘பீகிள்’ கப்பலில் உலகைச் சுற்றினார்.

சாம்பலில் கட்டிய துறைமுகம்

ஊரின் பழைய கோட்டைமேடான ரியோனே தெர்ராவுக்கு அடியில் ரோமானியத் தெருக்கள் அப்படியே கிடக்கின்றன. வழிகாட்டியோடு இறங்கிப் போகலாம். வண்டி ஓடிய கல்தெரு, அதன் இரு பக்கமும் கடைகள், மாவரைக்கும் எரிமலைக்கல் எந்திரங்களோடு ஒரு ரொட்டிக்கடை என்று வரிசையாக வருகின்றன. மற்றவர்கள் எந்திரத்தைப் படம் பிடித்தபோது எனக்குச் சுவரை விட்டு நகர மனம் வரவில்லை.

சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள காரையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், உள்ளே எரிமலைக்கல் நொறுக்குகளோடு இருக்கும். நடுநடுவே கடலை அளவுக்கு வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள். நம் ஊரில் கலவையில் இப்படிக் கட்டி தெரிந்தால் மேஸ்திரியைப் பிடித்துக்கொள்வோம். ரோமானியர்களும் கலவையைச் சரியாகக் கலக்கவில்லை என்றுதான் பலகாலம் நினைத்தார்கள். பிரிவெர்னோ என்ற இன்னொரு இத்தாலிய ஊரின் ரோமானியச் சுவரை ஆராய்ந்தவர்கள் 2023-இல் வேறு விளக்கம் தந்தார்கள். நீற்றாத சுண்ணாம்பைச் சூட்டோடு சூடாகக் கலந்ததால் வந்த கட்டிகள் இவை. சுவரில் விரிசல் விட்டுத் தண்ணீர் புகுந்தால் இந்தக் கட்டி கரைந்து, விரிசலிலேயே படிந்து இறுகி, அதை அடைத்துவிடுகிறது.

காரையின் பாதி ரகசியம் சுண்ணாம்பு என்றால், மீதிப் பாதி இந்த ஊரின் மண். பொட்சுவோலி நிற்பதே கம்பி ஃபிளெக்ரே என்ற பெரிய எரிமலையின் வாய்க்குள். சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்பும் 15,000 ஆண்டுகளுக்கு முன்பும் அது பிரம்மாண்டமாக வெடித்துக் கக்கிய சாம்பல் இந்த வட்டாரம் முழுக்கப் படிந்திருக்கிறது. அந்தச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்கு அடியிலும் இறுகும். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே இதை எழுதிவைத்துவிட்டார். கடலுக்குள் கட்டும் வேலைக்கு இரண்டு பங்கு சாம்பல், ஒரு பங்கு சுண்ணாம்பு என்று அளவும் கொடுத்திருக்கிறார். பலகைப் பெட்டி அடித்துக் கடலில் இறக்கி, அதற்குள் கலவையும் கல்லுமாகக் கொட்டினால் போதும், தண்ணீரை இறைக்கவே வேண்டாம். இந்தச் சாம்பலைக் கப்பலில் ஏற்றிப் போய்த்தான் ஏரோது மன்னன் பாலஸ்தீனத்தில் செசரியா துறைமுகத்தைக் கட்டினான்.

இப்போது சிமென்ட் மூட்டையில் ‘பி.பி.சி.’ என்று அச்சிட்டிருக்கிறார்களே, அதன் நடு எழுத்துக்குரிய ‘பொஸலானா’ இந்த ஊரின் சாம்பலுக்கு வந்த பெயர்தான். நம் ஊர் மூட்டையில் எரிமலைச் சாம்பலுக்குப் பதிலாக அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல் கலக்கிறது. தூத்துக்குடிக்காரனுக்கு அந்தச் சாம்பலை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. முல்லைப் பெரியாறு அணையில் சுண்ணாம்போடு சேர்த்த சுர்க்கி, அதாவது சுட்ட செங்கல் பொடி, செய்வதும் இதே வேலையைத்தான்.

நம் கான்கிரீட்டுக்குக் கடல்தண்ணீர் எமன். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டைப் பிளந்துவிடும். ரோமானியர்கள் கம்பி வைக்கவில்லை. அத்தோடு, கடல்நீர் உள்ளே ஊற ஊற அவர்கள் கான்கிரீட்டில் புதிதாகக் கனிமப் படிகங்கள் வளர்ந்து அதை இன்னும் இறுக்கியிருக்கின்றன என்று பேராசிரியர் மேரி ஜாக்சனின் குழு கண்டுபிடித்தது. பொட்சுவோலியின் பழைய அலைதாங்கிச் சுவர், கடலுக்குள் நிறுத்திய பதினைந்து பெரிய தூண்களின்மேல் வளைவு வளைவாகப் போனது. இன்றைய துறைமுகச் சுவரை அதையே உள்ளே வைத்து மூடிக் கட்டியிருக்கிறார்கள்.

மிளகும் கோதுமையும் இறங்கிய துறை

கி.மு. ஆறாம் நூற்றாண்டில் சாமோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் குடியேறிய ஊர் இது. கி.மு. 194-இல் ரோமானியக் குடியிருப்பாகிப் புத்தேயோலி ஆனது. ரோமுக்குப் பக்கத்தில் பெரிய கப்பல் நிற்க நல்ல துறைமுகம் இல்லாத காலத்தில், எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த கோதுமைக் கப்பல்கள் இங்கேதான் சரக்கு இறக்கின. அந்தக் கப்பல்களுக்கு முன்னால், அவை வரும் செய்தியோடு சிறு கப்பல்கள் வந்துவிடுமாம். கண்டதும் ஊரே துறைக்கு ஓடும் என்று தத்துவஞானி செனெகா ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட பவுல் கரையிறங்கியதும் இங்கேதான். அப்போஸ்தலர் நடபடிகள் படித்தவர்களுக்கு ஊரின் பழைய பெயர் புதிதாக இருக்காது.

அலெக்சாந்திரியாவுக்கு வந்த சரக்குக்கு எகிப்து பாதி வழிதான். அதற்குப் பின்னால் செங்கடலும், அதைத் தாண்டி நம் பக்கமும் இருந்தன. செங்கடல் துறையான பெரனிகேயில், இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகைத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். அந்த வணிகத்தில் ஈடுபட்ட குடும்பங்களில் ஒன்று, புத்தேயோலிக் கல்வெட்டுகளில் பெயர் வரும் அன்னியஸ் குடும்பம். அன்னியஸ் புளோகாமஸ் என்பவரின் அடிமை லிசாஸ், எகிப்தியப் பாலைவனத்தில் பெரனிகேக்குப் போகும் பாதையில் ஒரு பாறையில் தன் பெயரைக் கிரேக்கத்திலும் லத்தீனிலும் பொறித்திருக்கிறான். ஆண்டு கி.பி. 6.

ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்லும் கதையில் இதே அன்னியஸ் புளோகாமஸ் பெயர் வருகிறது. செங்கடலில் வரி வசூலிக்கும் குத்தகை அவருடையது. அவரிடம் விடுதலை பெற்ற அடிமை ஒருவன் அரேபியாவைச் சுற்றிப் போகும்போது காற்றில் அடித்துச் செல்லப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கைக் கரையில் ஒதுங்கினான். அரசன் அவனை ஆறு மாதம் வைத்து உபசரித்தான். அவனிடமிருந்த ரோமானிய வெள்ளிக்காசுகள், வெவ்வேறு மன்னர்கள் தலை பொறித்திருந்தும், எடையில் கொஞ்சமும் மாறாததைப் பார்த்து அரசன் வியந்து, கிளாடியஸ் பேரரசனிடம் தூதர்களை அனுப்பினான் என்கிறது பிளினியின் நூல். அதே கிளாடியஸ்தான் ரோமுக்குப் பக்கத்திலேயே புதுத் துறைமுகம் கட்டத் தொடங்கினான். பின்னாளில் பேரரசன் டிராஜன் அதைப் பெரிதாக்கினான். புத்தேயோலியின் மவுசு அதன் பிறகு மெல்லக் குறைந்தது.

ஏறும் மண், இறங்கும் மண்

1503-இல் ஸ்பெயினின் பெர்டினாண்டும் இசபெல்லாவும் ஒரு பட்டயம் கொடுத்தார்கள். கடல் பின்வாங்கி வெளியே தெரியும் நிலம் ஊர்ச் சபைக்கே சொந்தம் என்பது அதன் சாரம். கடலே புதிய புறம்போக்கை உண்டாக்கிக் கொடுத்திருக்கிறது. ஆனால் தரை எழும்பியதால்தான் கடல் விலகியது; அது நல்ல சகுனம் அல்ல. 1538 செப்டம்பர் கடைசியில் தரை இன்னும் பொங்கி எழுந்தது. கடல் சட்டென்று விலகி, கரையில் துடித்த மீனைச் சனங்கள் அள்ளினார்கள். செப்டம்பர் 29 அன்று பூமி பிளந்தது. ஒரே வாரத்தில் 133 மீட்டர் உயரத்துக்கு ஒரு குன்று எழும்பி, திரிபெர்கோலே என்ற கிராமத்தை மூடிவிட்டது. ‘புதுமலை’ என்று பெயர். இப்போது அதன்மேல் மரம் அடர்ந்திருக்கிறது. கம்பி ஃபிளெக்ரேயின் கடைசி வெடிப்பு அதுதான்.

பிறகு பல நூற்றாண்டுகள் மண் மெல்ல மெல்ல அமிழ்ந்தது. 1969 முதல் 1972 வரை சுமார் 1.7 மீட்டரும், 1982 முதல் 1984 வரை சுமார் 1.8 மீட்டரும் எழுந்தது. ஒவ்வொரு முறையும் நிலநடுக்கம் கூடவே வந்தது. அதன்பின் கொஞ்சம் இறங்கி, 2005-இலிருந்து மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறது. இதுவரை 1.4 மீட்டருக்குமேல். 2024 மே 20 அன்று 4.4 அளவிலும், 2025-இல் 4.6 அளவிலும் அதிர்ந்தது.

கீழே என்னதான் நடக்கிறது? ஆழத்திலிருந்து மாக்மா தள்ளுகிறது என்று ஒரு சாராரும், சூடேறிய நீராவியும் வாயுவும் பாறைக்கு அடியில் அடைபட்டு முட்டுகின்றன என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். இட்லிக் கொப்பரையின் மூடி ஆவியில் தூக்கிக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி. ஆனால் அவ்வளவு அழுத்தத்துக்கு இந்த மூடி ஏன் உடையாமல் வளைந்து கொடுக்கிறது என்பது பெரிய கேள்வி. பொட்சுவோலியில் பிறந்து, சிறுமியாக 1980-களில் குடும்பத்தோடு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்த தீசியானா வனோரியோ பின்னாளில் ஸ்டான்ஃபோர்டில் பாறை ஆய்வாளரானார். 2015-இல் அவர் சொன்ன விடை என்னைப் போன்றவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும். எரிமலைக்கு மேலே மூடியாக இருக்கும் பாறையில் சாம்பலும் சுண்ணாம்பும் வெந்நீரில் சேர்ந்து நாரிழைக் கனிமங்களாக இறுகியிருக்கின்றன. ரோமானியக் கான்கிரீட்டுக்குள் இருப்பதும் அதே மாதிரியான இழைகள். கொத்தனார் மேலே செய்ததைப் பூமி அடியில் முன்பே செய்துவைத்திருந்தது.

திரும்பிப் போகாத தெரு

ரியோனே தெர்ராவுக்கு மேலே இருக்கும் தெருக்கள் புதிதாகச் சாயம் பூசி அழகாக இருக்கின்றன. ஆனால் துணி காயும் பால்கனி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. 1970 மார்ச் 2 அன்று தரை எழும்புகிறது என்று சொல்லி, இங்கிருந்த சுமார் மூவாயிரம் பேரை ஒரே மூச்சில் காலி செய்ய வைத்தார்கள். பெரும்பாலும் மீனவர்களும் ஏழைகளும். பிறகு ஊருக்கு வெளியே கட்டிய குடியிருப்பில் அவர்களுக்கு வீடு கிடைத்தது. பழைய வீட்டுக்குத் திரும்பவே இல்லை. 1983-இல் மறுபடி அதிர்ந்தபோது சுமார் நாற்பதாயிரம் பேர் கிளம்பினார்கள். அவர்களுக்காக மோந்தெருஷெல்லோ என்ற புது ஊரையே எழுப்பினார்கள்.

மேட்டின் உச்சியில் உள்ள பேராலயத்துக்கும் தனிக் கதை உண்டு. 1964-இல் தீப்பிடித்துப் பரோக் காலத்து அலங்காரமெல்லாம் உதிர்ந்தபோது, சுவருக்குள் மறைந்திருந்த ரோமானியக் கோயிலின் பளிங்குத் தூண்கள் வெளியே தெரிந்தன. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2014-இல் அந்தத் தூண்களை மறைக்காமலேயே தேவாலயத்தைத் திறந்தார்கள். இல்லாத தூண்கள் இருந்த இடத்தில் கண்ணாடி வைத்து, அதில் தூண் வடிவம் வரைந்திருக்கிறார்கள். பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்கும்போது எது பழசு, எது புதுசு என்று ஒளிக்காமல் காட்டும் இந்த நேர்மையை நம் ஊர்க் கோயில் திருப்பணிக் குழுக்கள் ஒருமுறை வந்து பார்க்கலாம்.

கீழே இறங்கினால் மீனவர்களின் சின்னத் துறை. படகுகள் நிற்கும் குளம் போன்ற இடத்தில் தண்ணீர் வற்றி, சேறு தெரிந்தது. சில படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. கரைச்சுவரில் பாசி படிந்த கோடு, இப்போதைய தண்ணீருக்கு எட்டாத உயரத்தில் காய்ந்து கிடந்தது. வலையைச் சீர்செய்துகொண்டிருந்த பெரியவரிடம் மருமகன் இத்தாலியத்தில் பேச்சுக் கொடுத்தான்.

“இவ்வளவு தெரிஞ்சும் ஏன் இங்கேயே இருக்கீங்கன்னு கேளு மாப்ள” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். “கட்டின வீடு இங்க, கடன் இங்க, கடலும் இங்க. வேற எங்க போறதுங்கிறார் மாமா.”

தூத்துக்குடிக் கரையில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். 1841-இல் தொடங்கிய வெசூவியஸ் ஆய்வுக்கூடம் இரவு பகலாகப் பொட்சுவோலி மண்ணைக் கண்காணிக்கிறது. ரியோனே தெர்ராவில் பொருத்திய ஜி.பி.எஸ். கருவி மண் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக ஏறுவதைக் கணக்கு வைக்கிறது. அந்த எண்ணை இங்கே டீக்கடையில் தங்கம் விலை பேசுவதுபோல் சர்வசாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். 2012 முதல் மஞ்சள் எச்சரிக்கை அமலில் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு

நேப்பிள்ஸின் மோந்தெசாந்தோ நிலையத்திலிருந்து கூமானா ரயில் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். மூன்று தூண்களும் மீன் கடைகளும் நடந்து போகும் தூரம். மெட்ரோவில் வந்தால் மேட்டில் இறங்கலாம். ஃபிளேவியன் அரங்கம் பக்கம். இத்தாலியின் பெரிய அரங்குகளில் கொலோசியம், கபுவாவுக்கு அடுத்தது இது. மேலே உட்காரும் படிகளைவிட, மிருகங்களை அடைத்து வைத்திருந்த கீழ்த்தள அறைகளைப் பாருங்கள். வெளிச்சம் விழும் துளைகள்கூட அப்படியே இருக்கின்றன. கந்தகப் புகை வரும் சொல்ஃபதாரா பள்ளம், 2017-இல் ஒரு குடும்பத்தில் மூன்று பேர் உயிரிழந்ததிலிருந்து மூடியே கிடக்கிறது. ரியோனே தெர்ராவின் நிலவறைக்கு முன்பதிவு செய்துகொள்வது நல்லது. அதிர்வு வந்தால் சில இடங்களைத் திடீரென்று மூடிவிடுவார்கள். காலையில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பக்கத்து ஊரான பாயாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரோமானியச் செல்வந்தர்களின் மாளிகைகள் அங்கே கடலடியில் கிடக்கின்றன. அடிப்பகுதி கண்ணாடியான படகில் போனால் தரையின் மொசைக் தெரியும். கரையில் உள்ள குளியல் கட்டடத்தின் கான்கிரீட் கவிகை 21 மீட்டருக்குமேல் அகலம். கம்பி ஒன்றுகூட இல்லாமல், ரோமின் பாந்தியோனுக்கும் முன்பே கட்டியது. உள்ளே தண்ணீர் தேங்கியிருப்பதால் மரப்பாதையில் நின்று பேசினால் குரல் சுற்றிச் சுற்றி வரும்.

வாயூறும் சாப்பாட்டுக்கும் குறைவில்லை. நெத்திலி வறுவலும் சிப்பிக் குழம்பும் நம் கடற்கரைக்காரர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டுவிட்டு, மறுபடி ஒருமுறை தூண்களைப் போய்ப் பாருங்கள். பொம்பெயி எரிமலைச் சாம்பலில் புதைந்து ஒரேயடியாக நின்றுபோன ஊர். அதற்குக் கூட்டம் அலைமோதுகிறது. பொட்சுவோலியில் வேலை இன்னும் முடியவில்லை. சிவில் படிக்கும் பிள்ளைகளை இத்தாலிக்கு அழைத்துப் போகும் கல்லூரிகள், பயணத் திட்டத்தில் இந்த ஊருக்கு அரை நாளாவது ஒதுக்கட்டும். கலவையில் எதைச் சேர்த்தால் கட்டடம் நிற்கும் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லும். கீழே மண் நகர்ந்துகொண்டே இருந்தால் எப்படி நிற்கும் என்பதை இந்த ஊர்தான் சொல்லும்.